நாடா ஓடாத ஏழு அடி

சினிமாவில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டை யாரும் ஒரு ஆளாக மதிப்பதில்லை. மதிக்காததில் ஒரு லாபமும் உண்டு. சட்டைக்குள் குத்திய மைக்கை அணைக்க மறந்துவிட்டு நடிகர்கள் பேசுகிற பேச்செல்லாம் அவன் காதுக்கு வந்து சேர்ந்துவிடும். எவன் அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கிறான், எவள் எவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள், டைரக்டரை முதுகுக்குப் பின்னால் என்ன சொல்லித் திட்டுகிறார்கள், எல்லாம் வேல்முருகனுக்கு அத்துப்படி. பதினாறு வருஷத்தில் கேட்டது எதையும் அவன் வெளியே சொன்னதில்லை. வேண்டுமென்று காது கொடுத்ததும் இல்லை.

இந்தப் படத்தில் மட்டும் வேண்டுமென்றே காது கொடுத்தான்.

காஞ்சிபுரத்துச் சீட்டாட்டக்காரர் வீரபாகுவின் வாழ்க்கைக் கதை அது. மெட்ராஸ் கிளப்புகளிலும் பெங்களூரிலும் ரம்மி ஆடி ஜெயித்தவர். இப்போது எழுபத்தொரு வயது. மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் வேஷம் கட்டுகிற ஹீரோவுக்குச் சீட்டு கலைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். யூனிட் மொத்தமும் அவரைப் 'பெரியவரே, பெரியவரே' என்று தாங்கியது. அவர் கையில் இளநீர் கொடுக்காமல் டைரக்டர் டேனியல் முதல் ஷாட்டே வைக்கமாட்டான். அப்படி ஒரு மரியாதை! நாட்டுக்கு சுதந்திரம் வாங்கிக்கொடுத்தவர் பாருங்கள்.

அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலே வேல்முருகனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூற்றெட்டில், அவன் எட்டாவது படிக்கும்போது, பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டை அவன் அப்பா ஆதிகேசவனிடமிருந்து ஒரே பகல் ஆட்டத்தில் ஜெயித்தவர் இந்த வீரபாகுதான். மறுநாள் அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்து வீட்டுக்கு வராமல் அப்படியே ஆரணிக்கு பஸ் ஏறிவிட்டார். யாரோ ஒருவர் தறியில் கூலிக்கு நெய்து, நாலு வருஷத்தில் அங்கேயே செத்தும் போனார்.

அதுவாவது போகட்டும். சீட்டில் வீட்டைத் தோற்றவர்கள் ஊரில் வேறு யாருமே இல்லையா என்ன? விஷயம் அதற்கு அப்புறம்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜெயித்த வீட்டை வீரபாகு அவன் அம்மா தேவகி பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். சும்மா.

ஊர் விடுமா? "சும்மா எவனாச்சும் வூட்டை எழுதிக் குடுப்பானா?" என்ற கேள்வி குழாயடியிலும் சாயப்பட்டறையிலும் டீக்கடையிலும் சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுப் பையன்கள் வேல்முருகனைப் பார்த்துச் சீட்டு போடுகிற மாதிரி கையைக் காட்டிச் சிரித்தார்கள். அம்மாவிடம் அவன் ஒரே ஒருமுறை கேட்டான். அவள் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்து கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பதில் சொல்லவில்லை. இருபத்தேழு வருஷம் ஆயிற்று, அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

அதனால்தான் இந்தப் படம் வந்ததும் சம்பளத்தைக்கூட பேசாமல் ஒத்துக்கொண்டான். தாடி வைத்துக்கொண்டு, தொப்பி மாட்டிக்கொண்டு, சொந்த ஊர் செங்கல்பட்டு என்று டேனியலிடம் புளுகியும் வைத்தான். பெரியவர் தன் கதையை வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வீட்டுக் கதையில் அம்மாவைப் பற்றி என்ன சொல்கிறாரோ, அது ஊர் பார்க்கத் தியேட்டரில் ஓடப்போகிறது. ஊர் இருபத்தேழு வருஷமாகப் பேசுவதை சினிமாவும் சொல்லிவிட்டால், அம்மா அந்தத் தெருவில் எப்படி நடப்பாள்?

மூன்றாவது நாளே ஒன்று காதில் விழுந்தது. பிரேக்கில் ஹீரோ மைக்கை அணைக்காமல் வீரபாகுவோடு பேசிக்கொண்டிருந்தான். வேல்முருகன் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"என் வாழ்க்கையில ஒரே ஒரு ஆட்டம்தாம்பா நேர்மையில்லாம ஆடினேன்," என்றது கிழவர் குரல். "ஒரு பொம்பளைக்காக ஆடினது. அதுக்கு மேல கேக்காதே."

ஹீரோ கேட்கவில்லை. நாசமாய்ப் போகிறவன், வேண்டாத இடத்தில் எல்லாம் கேள்வி கேட்பான், இங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து வேல்முருகனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். டேனியல் ஸ்கிரிப்டைப் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை. அன்றன்றைக்கு உள்ள சீனை மட்டும் அன்று காலையில் தாளாகக் கொடுப்பான். எதை ஒளிக்கிறான்? தன் அப்பா வேஷத்துக்கு வந்த பாண்டியன் கூத்துப்பட்டறை நாடகக் குழு ஆள். அவன் ஏன் தன்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறான்? பெரியவர் அடிக்கடி திரும்பிப் பார்த்து, "உன்னை எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே தம்பி," என்கிறார். நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்துகொண்டே கேட்கிறாரா? சீட்டாடுகிறவர் முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது!

பன்னிரண்டாவது நாள் நாற்பத்திரண்டாம் சீன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவன் அம்மா இருக்கிற வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. தாளில் 'தறிக்காரி' என்று ஒரு வேஷம் போட்டிருந்தது. அதற்கு ஃபிர்தௌஸ் என்ற பெண்ணைப் பிடித்திருந்தார்கள். ஒலிமுகமதுபேட்டைக்காரி, காலேஜில் நாடகம் போட்டவள். மைக் குத்துகிற சாக்கில் வேல்முருகன் கேட்டான்.

"என்னம்மா, டயலாக் நெறையவா?"

"டயலாக்கே இல்லண்ணா. உள் ரூம்ல தறி நெய்துக்கினு இருக்கணும். முன்னாடி ஹால்ல என் புருஷனும் வீரபாகுவும் சீட்டு ஆடிக்கினு இருப்பாங்க. கடைசில புருஷன் தோத்துப்பூடுவாரு. அப்ப நான் வீரபாகுவைப் பார்த்து லைட்டா சிரிக்கணும். டைரக்டர் சார் சொன்னாரு, அந்த சிரிப்புதான் சீனாம்."

 வேல்முருகன் மைக்கைக் குத்தி முடித்து வயரைச் சுருட்டினான். டேனியலின் கழுத்தைப் பிடிக்கலாமா என்று தோன்றியது. பிடித்து என்ன சொல்வது? அந்தத் தறிக்காரி சிரிக்கவில்லை என்று இவனுக்கு மட்டும் தெரியுமா?

ஹாலில் பாய் விரித்தார்கள். பாண்டியன் உள்ளறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். எதிரே ஹீரோ, அதாவது வீரபாகு. ஹீரோ உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் உள்ளறைத் தறி தெரியும். தறியிலிருந்து பார்த்தால் பாண்டியன் கையில் விரித்திருக்கிற சீட்டு தெரியும். வேல்முருகன் ஒரு மைக்கைத் தறிக்குப் பக்கத்திலும் ஒன்றைப் பாய்க்கு மேலும் வைத்தான்.

ஃபிர்தௌஸ் ஒரு வாரம் பழகியிருந்தாள். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும். உடனே அச்சுப்பலகையை இழுத்து நூலை அடித்து நெருக்குவாள். சர்ரென்று ஒரு ஓட்டம், டக்கென்று ஒரு அடி. நல்ல கைதான். இரண்டு டேக் ஆனது. மூன்றாவது டேக்குக்கு முன்னால் வீரபாகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்பிடி இல்லம்மா. நடுவுல ஒரு எடத்துல நாடாவை ஓட்டாதே. பலகையை மட்டும் அடி. ஏழு அடி. எண்ணிக்கினே அடி."

வீட்டுக்காரம்மா வாசல் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் கொல்லென்று சிரித்துவிட்டாள். "ஐயே, ஊடை போடாம வெறும் அச்சை எவளாச்சும் ஏழு வாட்டி அடிப்பாளா? சேலை என்னாத்துக்கு ஆவறது? நேத்து பொறந்த தறிக்காரன் புள்ளைகூட சிரிக்கும்."

"ஆடியன்ஸுக்கு என்னம்மா தெரியப் போவுது?" என்றான் டேனியல். "பெரியவர் சொன்னா ஏதாவது இருக்கும். ரோல் சவுண்ட்!"

"ரோலிங்," என்றான் வேல்முருகன்.

டக். டக். டக். டக். டக். டக். டக். நாடா ஓடவில்லை. ஏழு அடி, ஹெட்போனுக்குள் தனியாக, சுத்தமாக. பாயில் ஹீரோ ஒரு சீட்டைப் போடக் கையை நீட்டியவன், பெரியவர் சொல்லிக்கொடுத்தபடியே இழுத்துக்கொண்டு, வேறு சீட்டைப் போட்டான். அவன் போடாமல் வைத்துக்கொண்டது ஏழு.

வேல்முருகன் தறிக்காரன் பிள்ளை. ஒலியை வைத்துப் பிழைக்கிறவன் வேறு. இன்னும் என்ன விளக்கம் வேண்டும்? உள்ளே உட்கார்ந்திருந்தவள் புருஷன் கைச் சீட்டைப் பார்த்து, அவனுக்கு எந்தச் சீட்டு வந்தால் ஆட்டம் முடியும் என்று எதிராளிக்கு அடித்துச் சொல்லியிருக்கிறாள். கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். எவனோ ஒருத்தனுக்காக.

"சவுண்ட்?" என்று டேனியல் கேட்டான்.

"நாட் ஓகே," என்றான் வேல்முருகன். நன்றாகத்தான் இருந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றினான். "ஏதோ ஹம் வருது. லஞ்ச் முடிச்சுட்டு வெச்சுக்கலாம் சார்."

சாப்பாட்டு வரிசையில் எல்லாரும் நிற்க, அவன் நேராக வீரபாகுவிடம் போய் நின்றான்.

"ஏழு அடி எதுக்குய்யா?"

கிழவர் அண்ணாந்து பார்த்தார். "ஆதிகேசவன் புள்ளையா நீ? மூஞ்சியைத் தாடி வெச்சு மறைச்சுட்டே. காதை மறைக்க முடியல பாரு."

"எங்கம்மாவுக்கும் உங்களுக்கும் என்னய்யா?"

"ஒண்ணும் இல்லப்பா. சத்தியமா ஒண்ணும் இல்ல." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பன் அடுத்த வாரம் பெங்களூர்க்காரனுங்ககிட்ட வூட்டை வெக்கறதா இருந்தான். அவனுங்க ஜெயிச்சா மறுநாளே சாமானைத் தெருவுல போடுவானுங்க. உங்கம்மா கச்சபேஸ்வரர் கோயில் வாசல்ல என்னை நிறுத்தி, 'நீ ஜெயிச்சுக்கோ, எம்பேர்ல எழுதிக் குடுத்துடு, அவரு சீட்டை நான் சொல்றேன்'னாங்க. ஒரு சூதாடியை நம்பி ஒரு பொம்பள வந்து நிக்கறது அதுதாம்பா மொத தடவ. எனக்கு இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"இதை ஏன் படத்துல வெச்சீங்க?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன். டேனியலுக்குக்கூட அடி எதுக்குன்னு சொல்லல. ஆனா அது என் ஆட்டம் இல்ல தம்பி. அந்த ஏழு எங்கையில இருந்துது. அடி கேக்கலேன்னா போட்டிருப்பேன், உங்கப்பன் ஜெயிச்சிருப்பான். ஜெயிச்சாச்சுன்னு ஊரு என்னைக் கொண்டாடுது. சாவறதுக்குள்ள அந்த அடியாச்சும் கேக்கட்டுமேன்னு வெச்சேன். சிரிப்பு டைரக்டரு சேத்தது."

சூதாடி பேச்சை நம்புவதா? வேல்முருகன் நம்பவில்லை. இரண்டு தெருவையும் வேகவேகமாக நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது.

தேவகி அப்போதுதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்ததும், "சாப்ட்டியா?" என்றாள். "நீ அந்தப் படத்துலதான் வேலை செய்யறேன்னு முதல் நாளே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"ஏழு அடி அடிச்சியாமே?"

பிசைந்த கை நின்றுபோனது. இல்லை என்று சொல்வாள், அறைவாள், அழுவாள் என்றெல்லாம் அவன் எதிர்பார்த்து வந்திருந்தான்.

"அடிச்சேன்," என்றாள்.

"அப்பா நம்மளை விட்டுப் போனதுக்கு நீதான் காரணமா? பள்ளிக்கூடத்துல என்னை என்னன்னு கூப்பிட்டானுங்கன்னு தெரியுமா உனக்கு? இதுதான் நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? வூட்டைக் காப்பாத்தத்தானே பண்ணே! சொல்லியிருந்தா ஊரு வாயை மூடியிருக்கும்!"

"ஊரு பேசினது பொய்டா. பொய்யைத் தாங்கறது சுளுவு." தேவகி தட்டைத் தள்ளி வைத்தாள். "நெசத்தைத்தான் தாங்க முடியாது. எல்லாம் யோசிச்சு யோசிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணே ஒண்ணு மறந்துட்டேன்."

"என்ன?"

"முன்னாடியும் பின்னாடியும் நிறுத்திட்டு, நடுவுல நாடாவை ஓட்டி ஓட்டி ஏழு அடிச்சிருக்கணும். பதட்டத்துல வெறும் அச்சை அடிச்சிட்டேன். அந்த வீரபாகுவுக்கு அது என்னா தெரியும், அவருக்கு வெறும் எண்ணிக்கைதான். ஆனா உங்கப்பா பத்து வயசுலேருந்து தறிக் குழியில உக்காந்தவரு. ரெண்டாவது அடியிலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

வேல்முருகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"கூனிக்கினு உக்காந்திருந்தவரு முதுகு அப்பிடியே நிமிந்துது," என்றாள் தேவகி. "திரும்புவாரு, எழுந்து வந்து என்னைக் கொன்னுபோடுவாருன்னு நெனச்சேன். திரும்பவே இல்ல. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருந்தாரு. அப்புறம் கையை இப்பிடிப் பக்கத்துல கொண்டாந்து, சீட்டை நல்லா விரிச்சு, எனக்குத் தெரியற மாதிரி புடிச்சாரு. அது வரைக்கும் எனக்குப் பாதிதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எல்லாமே தெரிஞ்சுது. ஆட்டம் முடியற வரைக்கும் அப்பிடியே புடிச்சிருந்தாரு."

அவள் அழவில்லை. அழுது முடித்து வெகு காலம் ஆகியிருக்க வேண்டும்.

"ஏம்மா அப்படிப் பண்ணாரு?"

"தெரியலையே. கோவமா, வெறுப்பா, நாம பொழச்சுக்கட்டும்னு குடுத்துட்டுப் போனாரா, ஆரணிக்குப் போய்க் கேக்கலாம்னு நாலு வருஷமா நெனச்சுக்கினே இருந்தேன். கேக்கறதுக்குள்ள போய்ட்டாரு."

 வேல்முருகனுக்கு அம்மாவைத் திட்டத் தோன்றியது. அவள் காலைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், சீனின் கடைசியில் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

"சிரிப்பா?" என்றாள் தேவகி. "எவன்டா அவன்? யாரு சிரிச்சா அங்க? போய்ச் சொல்லு. என்னை என்ன வேணா காட்டிக்கட்டும். அவரைத் தோத்தவரா காட்ட வேணாம்னு சொல்லு."

இரண்டரைக்கு எல்லாரும் திரும்ப வந்தார்கள். வேல்முருகன் டேனியலைத் தனியாகக் கூட்டிப்போய், தறிக்காரி சிரிக்கக் கூடாது என்றான். டேனியல் முறைத்தான். சவுண்ட் பார்க்க வந்தவன் சீனைத் திருத்தினால் எந்த டைரக்டருக்குத்தான் பொறுக்கும்?

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஆதிகேசவன் எங்கப்பா. அந்தத் தறிக்காரி எங்கம்மா. இப்பதான் கேட்டுக்கினு வரேன்."

பிறகு நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல டேனியலின் கண்ணில் வெளிச்சம் ஏறியது.  மனுஷன் செத்தாலும் சினிமாக்காரன் ஆங்கிள்தான் பார்ப்பான். ஆனாலும் டேனியல் ஒரு கேள்வியும் கேட்காமல் சிரிப்பைத் தாளிலிருந்து அடித்துவிட்டான். கேமராவைப் பாண்டியனுக்குப் பின்னால், தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். பாண்டியன் காதில் ஏதோ சொன்னான். வீரபாகுவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்ட மயக்கத்தில் மானிட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ரோல் சவுண்ட்!"

"ரோலிங்."

நாடா ஓடியது. அச்சு அடித்தது. நாடா நின்றது. டக். டக்.

பாண்டியனின் முதுகு நிமிர்ந்தது. நல்ல நடிகன், திரும்பவில்லை. ஏழாவது அடி விழுகிற வரைக்கும் அசையாமல் இருந்தான். அப்புறம் சீட்டுப் பிடித்த கையை மெதுவாக விலாவுக்கு வெளியே கொண்டுவந்து, ஒவ்வொரு சீட்டும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தான். மானிட்டர் முழுக்க அந்தப் பதின்மூன்று சீட்டும் நிறைந்து நின்றன.

"அடப்பாவி!" என்று கத்தினார் வீரபாகு. "அவனுக்குத் தெரியுமா? டேய், ஆதிகேசவா, தெரிஞ்சா உக்காந்திருந்தே?"

"கட்!" என்றான் டேனியல்.

 கிழவர் எழுந்து நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  "நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன்," என்றார். "கையை ஒதுக்கினதைப் பார்த்தேன். வேர்க்குதாக்கும்னு நெனச்சேன்." பிறகு வேல்முருகன் பக்கம் திரும்பினார். "அப்போ நான் ஜெயிக்கவே இல்லியா தம்பி? ஏமாத்தியும் ஜெயிக்கலியா?"

 இருபத்தேழு வருஷமாக இந்த ஆளிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்த வசவு எல்லாம் எங்கே போயிற்று என்று வேல்முருகனுக்குத் தெரியவில்லை. அப்பாவை நினைத்தால் கோபம் வந்தது, பெருமையும் வந்தது, இரண்டையும் தாண்டி அழுகை வந்தது.

"சவுண்ட் எப்படி?" டேனியல் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நாட் ஓகே சார். மேல பேச்சு விழுந்துடுச்சு."

இந்தமுறை அது நிஜம். இன்னொரு டேக் போகத்தான் வேண்டும். வீரபாகு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஃபிர்தௌஸ் கண்ணைத் துடைத்துவிட்டு நாடாவை எடுத்தாள். பாண்டியன் சீட்டுகளைச் சேர்த்து முதல்போலவே அடுக்கிக்கொண்டு, முதல்போலவே கூனி உட்கார்ந்தான்.

வேல்முருகன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, அப்பாவின் முதுகைப் பார்த்தபடி, "ரோலிங்," என்றான்.